ஏழாவது சீட்டு

உங்கள் மேசையை ஈரத்துணியால் துடைக்கிறார்கள், மேடம். ஓரத்தில் தண்ணீர் காய்ந்த தடம் தெரிகிறது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், குறை சொல்லவில்லை. தொழில் புத்தி. எங்கே போனாலும் என் கண் முதலில் தூசியைத்தான் தேடும். உங்கள் ஸ்டேஷன் எழுத்தர் தயாரா? நான் நிறுத்தி நிதானமாகத்தான் பேசுவேன். எங்கேயாவது வேகமாகப் போனால் கையைத் தூக்கச் சொல்லுங்கள்.

நான் கோபக்காரன் இல்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளட்டும். முப்பத்தொரு வருடம் ஒரே அறையில், ஒரே மைக்ராஸ்கோப்பின் முன்னால் உட்கார்ந்தவன் கோபக்காரனாக இருந்தால் பிழைப்பு நடக்காது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்று சொல்வார்களே, அதற்குச் சம்பளம் வாங்கியவன் நான்.

வானத்திலிருந்து விழுகிற கற்களில் ஒரு வகை கறுப்பாக இருக்கும். கரி நிறைந்தது. பார்த்தால் அடுப்பில் பாதி எரிந்து அணைந்த கட்டி மாதிரி இருக்கும், சும்மா கொடுத்தால்கூட யாரும் வாங்க மாட்டார்கள். எங்களிடம் இருந்தது நான்கு கிலோ. பத்தொன்பது வருடம் முன்னால் பட்டப்பகலில் ஒரு கிடங்கின் தகரக் கூரையைப் பொத்துக்கொண்டு விழுந்தது. காவலாளி அதை பிஸ்கட் டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் லேப்பில் அதற்குப் பெயர் கரிக்கட்டி. அதைச் சீவல் சீவலாக அறுத்து, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டி, வெளிச்சம் ஊடுருவுகிற அளவுக்கு மெல்லிசாகத் தேய்த்து, உள்ளே என்னென்ன பதிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

பெரும்பாலும் வெள்ளைப் பொட்டுகள் இருக்கும். சூரியன் உருவானபோது முதன்முதலில் இறுகிய பொருள் அது. கேட்பவர்கள் வாயைப் பிளப்பார்கள், எங்களுக்கு அது சாதாரணம். நான் தேடியது சாதாரணமில்லாததை. சூரியன் பிறப்பதற்கு முன்னாலேயே செத்துப்போன நட்சத்திரங்கள் துப்பிவிட்டுப் போன துகள்கள் சில இந்தக் கல்லுக்குள் ஒளிந்திருக்கும். ஆயிரம் ஸ்லைடு பார்த்தால் ஒன்று சிக்கலாம். ஆயுசு முழுக்கப் பார்த்தும் சிக்காமல் போகலாம்.

அந்த அறைக்கென்று சில கட்டுப்பாடுகள் உண்டு. தண்ணீர் கூடாது. கரிக்கட்டியில் தண்ணீர் பட்டால் உள்ளே இருக்கிற உப்பெல்லாம் கரைந்து, கல் சேறாகிவிடும். அதனால் அறையில் குழாயே கிடையாது. அறுப்பது, கழுவுவது, தரை துடைப்பது எல்லாமே ஸ்பிரிட்டில்தான். தாகமெடுத்தால் வராந்தாவுக்குப் போய்க் குடித்துவிட்டு வர வேண்டும். அப்புறம், எதையும் வீசக் கூடாது. பெருக்கிய தூசிகூட உறைக்குள் போய், சீட்டு ஒட்டி, அலமாரிக்குப் போகும். சீட்டில் தேதி, எடை, எங்கே கிடைத்தது, என்ன பொருள். தெரியாவிட்டால் தெரியாது என்று எழுத வேண்டும். சீட்டில் பொய் எழுதுகிறவனை நான் மனுஷனாகவே மதிப்பதில்லை. ஒரு தடவை எங்கள் பதிவேட்டு எழுத்தர் சோம்பல்பட்டுத் தேதியை மாற்றி எழுதினார். அவர் கை மேசை இழுப்பறையில் இருந்தபோது நான் அதை மூடினேன். இரண்டு விரல். அதற்கப்புறம் அவருக்குத் தேதி பிசகியதே இல்லை.

கல்லை அறுத்துத் தேய்த்துக் கொடுத்தது என் மச்சினன். என் மனைவியின் ஒரே தம்பி. வேலையில் சேர்த்துவிட்டதே நான்தான். லேப்பில் எல்லோரும் அவனை மெருகு என்றுதான் கூப்பிடுவார்கள், அவன் கை பட்டால் எதுவும் அப்படிப் பளபளக்கும். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத ஆள். தேய்க்கும்போது பாடிக்கொண்டே இருப்பான், சுருதி எந்தப் பக்கம் போகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் குரல் போகும். நிறுத்துடா என்றால், கல்லுதான் பாடச் சொன்னது அத்தான் என்பான். எனக்கு அவனைப் பிடிக்கும். அதையும் எழுதிக்கொள்ளட்டும்.

ஒன்பது வருடம் முன்னால், நாற்பத்தொன்றாம் ஸ்லைடில் அதைப் பார்த்தேன். பச்சையும் நீலமுமாக ஒரு மணி, தலைமுடி அகலத்தில் பாதிகூட இல்லை. அத்தனை கறுப்புக்கு நடுவில் தனியாக மின்னிக்கொண்டிருந்தது. என் மனைவியைக் கூட்டிவந்து காட்டினேன். கறுத்த பொண்ணு மூக்குத்தி போட்ட மாதிரி இருக்குங்க என்றாள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. என்ன பொருள் என்று அன்றைக்கே கருவி சொல்லிவிட்டது. சிலிக்கன் கார்பைடு. நட்சத்திரங்கள் துப்புகிற பொருள்களில் அதுவும் ஒன்று. ஆனால் வழக்கமாகக் கிடைப்பது இதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது.

ஒரே ஒரு சிக்கல். வீட்டில் கதவு தேய்க்க உப்புத்தாள் வாங்குவீர்களே, அதில் கறுப்பாக ஒட்டியிருக்கிற மணலும் இதே பொருள்தான். எந்த இரும்புக்கடையிலும் கிடைக்கும். அதனால்தான் எங்கள் அறைக்குள் உப்புத்தாள் நுழையக் கூடாது, வைரப் பசையை எண்ணெயில் குழைத்துத்தான் தேய்க்க வேண்டும். ஒரு மணி நட்சத்திரத்தில் பிறந்ததா தொழிற்சாலையில் பிறந்ததா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதில் உள்ள கரி அணுக்களில் கனம் குறைந்தது எத்தனை, கனம் கூடியது எத்தனை என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அப்போதிருந்த கருவியில் அப்படி எண்ணினால் பாதி மணி பொசுங்கிப் போய்விடும். கிடைத்ததே ஒன்று, அதையும் சுட்டுப் பார்ப்பதா என்று நான் மறுத்துவிட்டேன். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். உப்புத்தாளே நுழையாத அறையில் உப்புத்தாள் மணல் எப்படி வரும்?

அதுவரை என் மாமனார் வீட்டில்கூட நான் உப்புக்குச் சப்பாணி. அதற்கப்புறம் நான் உள்ளே நுழைந்தால் அரங்கமே எழுந்து நின்றது. பாடப்புத்தகத்தில் மூக்குத்தியின் படம் வந்தது, கீழே என் பெயர். முகம் தெரியாதவர்களெல்லாம் கடிதம் எழுதினார்கள். நான் ஒவ்வொன்றுக்கும் பதில் போட்டேன்.

வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அது நிஜமாகவே அங்கேயிருந்து வந்ததுதான் என்று எப்படித் தெரியும் என்று கேட்டாள். மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு கேட்கவில்லை, சும்மா பேச்சுக்குத்தான். நான் இஸ்திரிப் பெட்டியை அவள் கையிலிருந்து வாங்கி, அவள் இடது கையின் உட்பக்கத்தில் வைத்தேன். ஐந்து எண்ணினேன். அவசரப்பட்டு எண்ணவில்லை, எங்கள் வேலையில் எண்ணிக்கை ஒரே சீராக இருக்க வேண்டும். மருந்தும் நானேதான் போட்டேன். அன்றையிலிருந்து அவள் முழுக்கை ரவிக்கை போட ஆரம்பித்தாள், மூக்குத்தியைப் பற்றிக் கேட்கவும் இல்லை. எங்களுக்குள் சண்டை சச்சரவே கிடையாது என்று பக்கத்து வீட்டில் கேட்டாலும் சொல்வார்கள்.

போன மாதம் டைரக்டர் என்னைக் கூப்பிட்டார். வேறொரு லேப்பில் புதுக் கருவி வந்திருக்கிறதாம். மணியின் மேல்தோலை லேசாக வருடினாலே போதுமாம், எண்ணிச் சொல்லிவிடுமாம். மணிக்கு ஒன்றும் ஆகாது. மனுஷனுக்கு வாயெல்லாம் பல். நாற்பத்தொன்றாம் ஸ்லைடைத் திங்கட்கிழமை அனுப்புவதென்று முடிவாயிற்று. நானும் சந்தோஷப்பட்டேன். இதை அடிக்கோடு போட்டு எழுதச் சொல்லுங்கள். அந்த மணியின் மேல் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இருந்ததில்லை.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, காலை பதினொன்றரை மணிக்கு மெருகு என் அறைக்கு வந்தான். பாடவில்லை. கதவைச் சாத்திவிட்டு நின்றான்.

"அத்தான், ஒரு விஷயம். கோவப்படக் கூடாது."

நான் எப்போதடா கோபப்பட்டேன் என்றேன்.

அவன் பையிலிருந்து பழைய நோட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தான். ஒரு பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தேய்ந்துபோன கறுப்பு உப்புத்தாள் ஒட்டியிருந்தது, மேலே ஒன்பது வருடம் முந்தைய தேதி. அந்த வாரம் வைரப் பசை தீர்ந்துபோய்விட்டதாம். நான் ஸ்லைடு எங்கே ஸ்லைடு எங்கே என்று அவன் உயிரை எடுத்துக்கொண்டிருந்தேனாம். அவன் கடையில் ஒரு தாள் வாங்கி வந்து, நாற்பத்தொன்றாம் ஸ்லைடை மட்டும் நாலு இழுப்பு இழுத்திருக்கிறான். பதிவேட்டில் எழுதவில்லை. மனசு உறுத்தித் தாளை மட்டும் நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறான். அடுத்த வாரம் நான் மூக்குத்தியைக் கண்டுபிடித்தேன்.

அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்து நான் பார்த்ததே இல்ல அத்தான். அக்காகிட்டக்கூட சிரிச்சுப் பேசுனீங்க."

அவன் மேலே பேசினான். இந்த மணியை நம்பி எங்கெங்கேயோ யார் யாரோ வருடக்கணக்காக உழைத்துக்கொண்டிருக்கிறார்கள், திங்கட்கிழமை எண்ணிக்கை வந்து நாறுவதற்கு முன்னால் நாமே சொல்லிவிடுவதுதான் மரியாதை என்றான். நியாயமாகத்தான் பேசினான், சும்மா சொல்லக் கூடாது.

"சாயங்காலம் டைரக்டர்கிட்ட நான் போறேன். தப்பு முழுக்க என்னுதுன்னே சொல்றேன். வேலை போனாப் போகட்டும். நீங்க பக்கத்துல நின்னா போதும்." நோட்டை மூடினான். "அக்கா கையையும் நான் பார்த்துட்டேன் அத்தான். அதை அப்புறம் பேசுவோம்."

அப்போதும் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். குறுக்கே பேசத் தெரியாத ஒரு பொருள். அதைக் காப்பாற்ற உலகத்தில் இருப்பது நான் ஒருவன். அதன்மேல் ஒருத்தன் வந்து அபாண்டமாகப் பழி போடுகிறான். சொந்தக்காரன் என்று பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? நான் வருகிறேன் என்றேன். அதற்கு முன்னால் அந்த ஸ்லைடை ஒரு தடவை உன் மேசையில் வைத்துப் பார்த்துவிடலாம் என்றேன். அவனுக்கு அப்பாடா என்றிருந்தது, முகத்தில் தெரிந்தது. இரண்டு பேரும் அறுக்கிற அறைக்குப் போனோம்.

கல்லைப் பொடிக்கிற எஃகு உரல் அங்கே சாணைத் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். அதன் உலக்கை மூன்றரைக் கிலோ. அவன் நோட்டைப் பையில் வைக்கக் குனிந்தான். முதல் அடி காதுக்கு மேலே. அவன் விழவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு திரும்பினான். மேலேயிருந்து ஏதோ விழுந்துவிட்டது என்று நினைத்தான் போலிருக்கிறது, அண்ணாந்து பார்த்துவிட்டு, "அத்தான், தள்ளி நில்லுங்க" என்றான். இரண்டாவது அடி வாயில். பற்கள் சாணைத் தட்டில் விழுந்து உருண்ட சத்தம் கேட்டது. மூன்றாவது அடிக்கு உட்கார்ந்துவிட்டான். தலைக்கு மேல் இரண்டு கைகளையும் கொடுத்தான். அது நல்ல கை, மேடம். அந்த மாதிரித் தேய்க்கிற கை இனிமேல் கிடைக்காது. அதனால் கையை எடுப்பான் என்று கொஞ்சம் காத்திருந்தேன். எடுக்கவில்லை. நான்காவது கையோடு சேர்த்து. விரல்கள் முறிந்தது எனக்கு உள்ளங்கை வரை தெரிந்தது. ஐந்தாவதுக்குக் கை தானாக விலகிவிட்டது. ஆறாவதில் மண்டை உள்ளே அமுங்கியது, முட்டை ஓடு அமுங்குகிற மாதிரி, பெரிய சத்தம் எதுவும் இல்லை. மூக்கருகே ஒரு கண்ணாடி ஸ்லைடைப் பிடித்துப் பார்த்தேன். ஆவி படியவில்லை.

பதினேழு அடி என்று, தோண்டி எடுத்துப் பார்த்த டாக்டர் எழுதியிருக்கிறாரா? எனக்கு ஆறுதான் ஞாபகம் இருக்கிறது. எண்ணுவதில் நான் பிசகுகிற ஆள் இல்லை. ஆனாலும் டாக்டரோடு மல்லுக்கு நிற்க இங்கே வரவில்லை, அவர் சொன்னதையே போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் செய்ததெல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். கல்லைப் பிளக்கிற அழுத்துக் கருவி அந்த மூலையில்தான் இருக்கிறது. அவனை அதன் முன்னால் இழுத்துப் போட்டேன். ஒரு கருங்கல்லைக் கோணலாக வைத்து அழுத்தினேன், வெடித்துச் சிதறியது. கல் தெறித்து முகத்தில் பட்டது, நான் ஓடிவந்து தூக்கினேன், அதனால் என் சட்டையெல்லாம் ரத்தம். எல்லாம் பொருந்தியது. நாற்பத்தொன்றாம் ஸ்லைடு அவன் கைப்பக்கம் நொறுங்கிக் கிடந்தது. சாணைத் தட்டின் பக்கம் தெறித்ததை மட்டும் துடைக்க வேண்டியிருந்தது.

இங்கேதான் கோட்டை விட்டேன். ரத்தக்கறையைப் பச்சைத் தண்ணீரில் அலசினால் போய்விடும் என்பது எந்த வீட்டிலும் தெரிந்த விஷயம். ஸ்பிரிட் ஊற்றினால் இறுகிப் பிடித்துக்கொள்ளும். இது எனக்குத் தெரியாததா? இருபதடி தூரத்தில் வராந்தாவில் குழாய் இருந்தது. வாளியைக்கூடக் கையில் எடுத்தேன். ஆனால் கரிக்கட்டி மேசைமேல் திறந்து கிடந்தது. அந்த அறைக்குள் தண்ணீர் கொண்டுவர எனக்கு மனம் ஒப்பவில்லை. ஸ்பிரிட்டில்தான் துடைத்தேன். தரை இடுக்குகளில் எல்லாம் அது இறுகிப்போய், உங்கள் ஆட்கள் வந்தபோது வரைந்து வைத்த மாதிரி இருந்ததாம்.

பெருக்கியதை வீசவும் முடியவில்லை. முயற்சி பண்ணினேன், குப்பைக்கூடை வரை போனேன். கை வரவில்லை. இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடை பார்த்தேன். பற்கள் ஒரு உறை, பல்லில் உடைந்த சில்லுகள் ஒரு உறை, எலும்பு ஒன்று, முடியும் தோலும் ஒன்று, கட்டைவிரல் நகம் ஒன்று, அந்த நோட்டு ஒன்று. ஆறு உறை. சீட்டில் தேதி, எடை, இடம் எல்லாம் சரியாக எழுதினேன். என்ன பொருள் என்கிற இடத்தில் மச்சினன் என்று எழுதினேன். வேறு என்ன எழுதுவது?

ஏழு என்கிறீர்களா? ஆமாம், ஏழு. அதற்கு வருகிறேன்.

நான்கு நாள் எல்லோரும் விபத்து என்றே நம்பினார்கள். அடக்கத்துக்கு ஆக வேண்டியதையெல்லாம் நானே முன்னால் நின்று செய்தேன். என் மனைவி அழவில்லை. தம்பியின் கையைப் பார்க்க வேண்டும் என்றாள், துணியை விலக்கி அந்த விரல்களை வெகுநேரம் பார்த்தாள். முகத்தில் கல் தெறித்தால் விரல் ஏன் முறிய வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் என் பக்கத்தில் நின்று என் கையிலிருந்த ஸ்பிரிட் வாடையை மோந்து பார்த்தாள். அவ்வளவுதான். ஐந்தாம் நாள் உங்களிடம் வந்து, ரவிக்கைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் சொன்னதை நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். "அவர் எதையும் வீசமாட்டார். அலமாரியைத் திறந்து பாருங்க." இருபத்தெட்டு வருடம் கூடவே இருந்தவள், என்னை எப்படித் தெரிந்து வைத்திருக்கிறாள் பாருங்கள். கேட்டபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஏழாவது, அந்தச் சின்னக் கண்ணாடிக் குப்பி. அதில் இருப்பது மூக்குத்தி. ஸ்லைடு விபத்தில் நொறுங்கவில்லை. மணியை ஊசி முனையால் பெயர்த்து எடுத்த பிறகு நான்தான் காலால் மிதித்தேன். ஸ்லைடு உடைந்தது, மணி தொலைந்துபோனது என்று ஆகிவிட்டால் யாரும் சோதிக்க முடியாது. படத்துக்குக் கீழே என் பெயர் அப்படியே இருக்கும். சந்தேகமே இல்லாதவன் எதற்காக அதை ஒளிக்க வேண்டும் என்று கேட்கிறீர்கள். பாதுகாப்புக்காக என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் காகிதம் எனக்கா? மணியை அந்தப் புதுக் கருவிக்கே அனுப்பியிருக்கிறீர்களா, டைரக்டர் கேட்டுக்கொண்டாரா. கொடுங்கள், கண்ணாடி போட்டுக்கொள்கிறேன்.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். கரியில் கனம் கூடியது ஒன்றுக்குக் கனம் குறைந்தது எத்தனை என்பதுதான் இந்த எண். அடுப்புக்கரியோ, இந்த மேசையோ, நீங்களோ நானோ, பூமியில் எதை எடுத்தாலும் எண்பத்தொன்பது, தொண்ணூறு பக்கம்தான் நிற்கும். நோட்டில் இருந்த உப்புத்தாளையும் சோதித்திருக்கிறார்கள், தொண்ணூறு. மூக்குத்திக்கு ஐம்பத்திரண்டு போட்டிருக்கிறது.

இது பூமியில் கிடையாது, மேடம். சூரியனிலும் கிடையாது. சூரியனுக்கு முன்னால் இருந்த ஏதோ ஒரு நட்சத்திரத்தினுடையது. மெருகு உப்புத்தாளால் தேய்த்தது நிஜம். ஆனால் மணி அந்தத் தாளிலிருந்து வரவில்லை, கல்லுக்குள்ளேயே இருந்திருக்கிறது. பாவம், ஒன்பது வருடம் வீணாக மனசைப் போட்டு அரித்துக்கொண்டிருந்திருக்கிறான். திங்கட்கிழமை அனுப்பியிருந்தாலும் இதே ஐம்பத்திரண்டுதான் வந்திருக்கும். அவனே முதலில் என் அறைக்கு ஓடி வந்திருப்பான், பாடிக்கொண்டு.

நான்தான் ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறேனே, எனக்கு எள்ளளவும் சந்தேகம் இருந்ததில்லை என்று.

குப்பியை எதற்குத் திருப்புகிறீர்கள்? வாசித்துக் காட்ட வேண்டாம், என் கையெழுத்து எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை, மதியம் பன்னிரண்டே கால், தரை காய்வதற்கு முன்னால் எழுதியது. அதில் என்ன பொருள் என்கிற இடத்தில், உப்புத்தாள் மணல், பூமியைச் சேர்ந்தது என்று இருக்கும். அவன் நோட்டைப் பிரித்தவுடனே நம்பிவிட்டேன். ஒரு கேள்விகூட மனதில் வரவில்லை.

முப்பத்தொரு வருடத்தில் நான் எழுதின ஒரே தப்பான சீட்டு அது. பேனாவைக் கொடுங்கள், மேடம். திருத்திவிடுகிறேன்.